வண்டுக்கு ஆறு கால்

சிவப்பை மட்டும் எடுத்தால் போதும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்று சொன்னேன். ஸ்டூடியோவில் இருந்த பெண் கடதாசியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். “எடுக்கலாம் அம்மா. ஒரு அரை மணித்தியாலம் இருப்பியளோ?” இருப்பேன் என்றேன். வேறென்ன செய்வது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆறரை மணி பஸ்ஸில் வெளிக்கிட்டு வந்தது இதற்குத்தான். பன்னிரண்டு மணிக்குள் கோயிலடிக் கொட்டகைக்குப் போய் மங்களேஸ்வரியின் கையில் அவளுடைய மகள் கயலினி கீறிய படத்தைக் கொடுக்கவேண்டும். இப்போது பத்தே கால். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிளிநொச்சியின் பெரிய வீதி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, லொறி போனால் மட்டும் கதவு சற்று அதிர்கிறது. பிளாஸ்டிக் கதிரையின் ஒரு கால் கட்டை. நான் அசைந்தால் அதுவும் அசைகிறது, அதனால் அசையாமல் இருக்கிறேன். சுவர் முழுக்க முகங்கள். நினைவஞ்சலிக்காக இந்தப் பெண் செய்து கொடுத்தவையாக இருக்கும். கோட்டும் டையும் போட்ட கிழவர்கள். மூன்று பெண்கள் ஒரே மயில்நீலச் சேலையில், அதே மடிப்பு, அதே பதக்கச் சங்கிலி, கழுத்துக்கு மேலேதான் ஆளுக்கு ஆள் வேறு. செத்தவர்களுக்கு உடுப்பு மாற்றத் தெரிந்தவளுக்குக் கொஞ்சச் சிவப்பு மையை எடுப்பது பெரிய வேலையாக இருக்காது. கடதாசியை அவள் இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடினாள். மூடிக்கு அடியில் ஒரு வெளிச்சம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மெதுவாகப் போனது. அது கயலினியின் வீட்டுக்கு மேலாகப் போகிறது என்று நினைத்தேன். உடனே வீதியைப் பார்த்தேன்.

அந்தப் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஓலை வீடு ஒன்று. வாசலில் நான்கு தலைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லோரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்பதுபோல. முற்றத்தில் கடகத்தால் மூடிய கோழி, வால் மட்டும் வெளியே. இரண்டு தடிகளுக்கு நடுவே உடுப்புக் கொடி, அதில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு மேலே, வீட்டைவிடப் பெரிதாக, ஒரு வண்டு. நீண்ட உடம்பு, இரண்டு பக்கமும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேரான செட்டைகள், கால் இல்லை. வலப்பக்க மூலையில், எங்கள் வீடும் வண்டும், ப. கயலினி, தரம் 4. ‘ழ’ என்றால் அவளுக்குச் சுழியாது, நல்ல காலம் பெயரில் அந்த எழுத்து இல்லை. இவ்வளவும் அவளுடையது. மற்றது என்னுடையது. வண்டின் வயிற்றுக்குக் கீழே தொடங்கிக் கூரைவரை சரிந்து இறங்கும் மூன்று சிவப்பு வரி. வண்டுக்கு ஆறு கால். அது வீட்டைவிடப் பெரிதாக இருக்காது. அவதானித்து மீண்டும் வரைக. பக்கத்தில் 4/10, நான்கைச் சுற்றி ஒரு வட்டம். அவதானித்து என்பது பயிற்சிக் கலாசாலையில் எனக்கு ஒட்டிக்கொண்ட சொல். முப்பத்தொரு வருடம் எத்தனை கொப்பிகளில் எழுதியிருப்பேன். எழுதும்போது நான் எதையாவது அவதானித்தேனா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் யாரும் இருக்கவில்லை. வீட்டிலும் இல்லை. இப்போதும் காலையில் தேத்தண்ணி போட்டால் ஒரு கோப்பை.

நான் வன்னிக்கு வந்தது நான்கே நாளுக்கு. தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. மூன்றாம் நாள் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று பையைக் கட்டிக் கட்டி அவிழ்த்தோம். பிறகு தருமபுரத்துப் பள்ளிக்கூடத்து அதிபர் படலையில் வந்து நின்று, “சும்மா இருக்கிறியள்தானே ரீச்சர், சித்திரம் எடுக்க ஆளில்லை,” என்று கேட்டார். சும்மா இருக்கிறேன் என்று அவர் சொன்னது எனக்குச் சுட்டது, அதனால் போனேன். கொண்டுவந்த நான்கு சேலையும் பட்டு. கொட்டிலுக்குள் மண் நிலத்தில் பட்டுச்சேலையோடு நின்று நிறங்களைப் படிப்பித்தேன். பிள்ளைகள் எனக்குக் கலியாண ரீச்சர் என்று பெயர் வைத்தார்கள். தெரியாததுபோல இருந்தேன், உள்ளுக்குள் பிடித்திருந்தது. நாலு பிள்ளைக்கு ஒரு பெட்டி, பெட்டியில் பன்னிரண்டு நிறப் பென்சில். பெட்டிக்குப் பெட்டி கறுப்புத்தான் முதலில் தீர்ந்தது. வீணாக்குகிறார்கள் என்று ஏசினேன். அடுத்த கிழமை சாம்பல். அதற்கும் ஏசினேன். மஞ்சளும் ரோசாவும் கூர் மழுங்காமல் கிடந்தன. ஏன் என்று யோசித்திருக்கலாம். யோசிப்பதற்குப் பதிலாக வண்ணத்துப்பூச்சி கீறச் சொன்னேன், ரோசா தீரட்டும் என்று. கயலினியின் பெட்டியில் கறுப்பு இல்லாததால் வண்டைச் சிவப்பால் கீறி, அதற்கு மேல் மண்ணிறத்தைத் தேய்த்திருந்தாள். எங்கள் வீட்டு முற்றம் என்பதுதான் நான் கொடுத்த தலைப்பு. அவள் தலைப்பையும் மாற்றியிருந்தாள், அதற்கு ஒரு புள்ளி குறைத்தேன்.

கதவு திறந்து ஒரு மனிதர் வந்தார். வெக்கையும் பஸ் புகையும் அவரோடு உள்ளே வந்தன. “நிரோஜா, அப்புவின்ர படம் என்ன மாதிரி?” அப்போதுதான் பெண்ணின் பெயர் தெரிந்தது. அவள் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, நடுவே வெற்றிலை போட்டுச் சுருங்கிய வாய். அந்த மனிதர் நெடுநேரம் பார்த்தார். “அப்புதான். ஆனா ஆரோ வங்கி மனேச்சர் மாதிரியும் கிடக்கு.” “நீங்கள்தானே அண்ணை கோட்டுக் கேட்டனீங்கள்.” “தம்பி கனடாவில இருந்து சொன்னவன். அந்த மனுசன் உயிரோட இருக்கேக்க கோயிலுக்கும் மேல் வெறுமையாத்தான் போனது. இப்ப இந்த வெயிலுக்க கோட்டோட நிக்குது.” “அப்ப கழட்டவோ?” அவர் யோசித்தார். “வேண்டாம். போட்டதைப் போட்டபடி விடு. டையை மட்டும் கொஞ்சம் தளர்த்து, மூச்சு முட்டுறமாதிரிக் கிடக்கு.” நிரோஜா சிரித்தாள், அவரும் சிரித்தார், நானும் சிரிக்க வாயெடுத்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அவர் போனபிறகு சிரிப்பு முகத்தில் தேவையில்லாமல் மிச்சமிருந்தது. நானும் அதைத்தான் செய்கிறேன், கோட்டுப் போடுகிறேன், ஆனால் எனக்கு. மங்களேஸ்வரியிடம் கொடுக்கப்போவது இங்கே அச்சடித்து வருவது. பழைய கடதாசி, செல் அரிக்கத் தொடங்கிவிட்டது, அதனால் புதிதாக எடுப்பித்தேன் என்று சொல்வேன். பஸ்ஸில் வரும்போது இந்த வசனத்தை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். ஆனையிறவில் உப்புவாடை வந்தபோதும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூலத்தை என்ன செய்வது என்று அதற்கு மேல் நினைக்கவில்லை. மறுபடி பெட்டிக்குள் போகும்.

“அம்மா, இதை ஒருக்காப் பாருங்கோ.” திரையில் படம் பெரிதாக இருந்தது. என் எழுத்து இல்லை. சரி, முடிந்தது. அடுத்த கணம் பார்த்தேன், வண்டும் இல்லை. “நிறத்தைப் பிடிச்சு எடுத்தா அதுவும் சேந்து போகுது. அதையும் சிவப்பாலதான் கீறிக் கிடக்கு.” வாசலில் நான்கு தலைகளும் ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. “கையாலதான் அழிக்கவேணும். எழுத்துக் கிடந்த இடத்தில நான் தேய்ச்சு நிரப்பிவிடுறன். ஒருத்தருக்கும் விளங்காது.” செய்யுங்கோ என்றேன். அவள் ஒரு பொத்தானை அழுத்த வண்டும் எழுத்தும் ஒன்றாகத் திரும்பி வந்தன. எழுத்தை இப்போதுதான் வாசிக்கிறாள் போல. மூக்கால் சிரித்தாள். “ஆறு காலாம். இதை எழுதினது ஆர் அம்மா? வண்டெண்டா என்னெண்டு தெரியாத ஆளாக்கும்.” “வெளியில இருந்து வந்த ஒரு ஆள்,” என்றேன். பொய் இல்லை. “அதானே. எங்கட ஆக்கள் எண்டா எழுதாயினம்.” முகங்களுக்கு உடுப்பு மாற்றும் அந்தக் கைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். அப்போது இவளும் எங்கேயோ ஒரு கொட்டிலில் படித்திருப்பாள். “கொடியைப் பாத்தியளோ? உடுப்பில்லை. அது வந்தா முதல் வேலை உடுப்பெடுக்கிறதுதான், மேலயிருந்து தெரியுமெண்டு. எங்கட அம்மா ஈரத்தோட சுருட்டிக்கொண்டு ஓடுவா. பள்ளிக்கூடச் சட்டை ஒருநாளும் ஒழுங்காக் காஞ்சதில்லை.” பன்னிரண்டு வருடமாக அந்தக் கொடியைப் பார்க்கிறேன். பிள்ளை உடுப்பைக் கீற மறந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். கொடியில் உடுப்பு எங்கே என்று எழுதவும் நினைத்தேன். சிவப்பு வரிகள் கூரையில் முடிந்துவிட்டதால் இடமில்லை, அதனால்தான் எழுதவில்லை.

அந்த ஒன்பது வயது முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. இரட்டைப் பின்னல், ஒரு பக்க நாடா கறுப்பு, மற்றது மண்ணிறம், அது நிச்சயம். கன்னத்தில் ஒரு வடு இருந்ததா, அல்லது அது வேறு பிள்ளையா. குரல் இருக்கிறது. “இதென்ன, வண்டுக்குக் காலைக் காணேல்ல?” என்று கேட்டேன். “கால் தெரியாது ரீச்சர். மேல நிக்கும்.” “எங்க மேல?” “மேலதான்.” “அப்ப கிட்டப் போய்ப் பாத்துக் கீறு.” “கிட்டப் போகேலாது ரீச்சர்.” “ஏன், பயமோ?” “ஓம்.” நான் சிரித்தேன். வகுப்பைப் பார்த்து, வண்டுக்குப் பயந்த பிள்ளையைப் பாருங்கோ என்றேன். வழமையாக ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அதற்காகக் காத்திருப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தொடங்கிய சிரிப்பை நானே முடிக்கவேண்டியிருந்தது. கயலினி என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், எதையோ கணக்குப் பார்ப்பதுபோல. பிறகு, “சரி ரீச்சர், கால் வைச்சுக்கொண்டு வாறன்,” என்றாள். அடுத்த நாள் கொண்டுவந்தாள். செம்பரத்தம்பூவில் ஒரு வண்டு, ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, கண்கூட இருந்தது. 8/10. கொட்டிலின் தட்டியில் குத்தினேன். பழையதை என் கட்டுக்குள் வைத்தேன். பிழையானவற்றை நான் திருப்பிக் கொடுப்பதில்லை, வருட முடிவில் பிழையையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன், பெற்றோருக்கு அது பிடிக்கும். அப்படித்தான் என்னோடு தப்பி வந்தவை எல்லாம் குறைந்த புள்ளி எடுத்தவையாகப் போயின. நல்ல படங்கள் தட்டியிலேயே நின்றன. தட்டி எங்கே, கொட்டில் எங்கே.

ஒரு செவ்வாய்க்கிழமை. தட்டியில் படம் குத்தி நான்கைந்து நாள் இருக்கும். தூரத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின் வேலை செய்வதுபோல ஒரு சத்தம், நின்று நின்று வந்தது. பின்வாங்கிலிருந்து யாரோ, “வண்டு,” என்றார்கள். நான் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். துடைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு, “எங்க? காட்டுங்கோ, அடிச்சு விடுவம்,” என்றேன். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு வகுப்பே சிரித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் அங்கே இருந்த ஆறு மாதத்தில் அவர்கள் அப்படிச் சிரித்தது அன்று மட்டும்தான். சத்தம் தலைக்கு மேலே வந்ததும் ஒருவர் சொல்லாமலே சிரிப்பு நின்றது. வரிசையாக எழும்பினார்கள். தள்ளுப்படவில்லை, ஒரு கொப்பி விழவில்லை, கோயிலில் திருநீறு வாங்கப் போவதுபோல வெளியே போய்ப் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். கயலினி என் பட்டுச்சேலைத் தலைப்பைப் பிடித்து, “வாங்கோ ரீச்சர்,” என்று கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே ஈர மண் வாடை. அதிபர் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, “வேவு விமானம் ரீச்சர். ஆளில்லாதது. இஞ்ச எல்லாரும் வண்டெண்டுதான் சொல்லுறது. அது வந்து பாத்திட்டுப் போனா, குண்டு போடுறது பேந்து வரும்,” என்று கோயில் திருவிழா விபரம் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு மற்றப் பக்கத்தில் கயலினி. அவளுடைய முழங்கால் என் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது. நீ கீறினதுதான் சரி. மூன்று சொல். இருட்டு, யாரும் என் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். சொல்லவில்லை. மேலே ஏறியபிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். மேலே ஏறியபிறகு நாளைக்கு. நாளைக்குத் தட்டியில் அந்தச் செம்பரத்தம்பூ வண்டு நின்றது, எட்டுப் புள்ளியோடு. அதைக் கழற்றினால் முப்பது பிள்ளைகளுக்கும் காரணம் சொல்லவேண்டும். மாசியில், பாதை பூட்டிச் சிக்கியவர்களை ஏற்றக் கப்பல் வந்தது, தங்கை அழுதாள், நான் படக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பதினொரு படம். பதினொரு பிள்ளைகளும் அங்கே நின்றார்கள், படங்கள் என்னோடு யாழ்ப்பாணம் போயின.

கண்காட்சி வைக்கிறோம், உங்களிடம் இருக்கிறதாமே என்று போன ஆவணியில் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். கொடுத்தேன். மற்றவற்றில் பெயருக்கு எதிர் மூலையில் வெறும் புள்ளி மட்டும், மட்டை ஒட்டினால் மறைந்துவிடும். இதில் வசனம் நடுவால் போகிறது. கடைசி நேரம் இதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன், செல் அரித்துவிட்டது என்று சொல்லி. அப்போதும் செல்தான். ஆனால் பெயர்ப் பட்டியல் அதற்கு முன்பே பத்திரிகைக்குப் போய்விட்டது. பெயர்கள் பதினொன்று, சுவரில் படங்கள் பத்து. இரண்டாம் நாள் ஒரு பெண் வந்து எல்லாச் சுவர்களையும் பார்த்தாள். பிறகு முதல் சுவரிலிருந்து மறுபடி தொடங்கினாள். படங்களைப் பார்க்கவில்லை, மூலைகளைப் பார்த்தாள். களைத்துப்போனாள் என்று நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி. “ரீச்சர், கயலினியின்ர பேர் பேப்பரில கிடந்தது. நான் வந்து எல்லாச் சுவரும் பாத்தனான். அங்க ஒரு அம்மா தேத்தண்ணியும் தந்தவ.” தேத்தண்ணி தந்தது நான்தான் என்று சொல்ல அன்றும் வாய் வரவில்லை. படம் என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவளிடம் மகளின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. “கடைசிச் சண்டையில வாய்க்காலுக்கால வரேக்க சனம் தள்ளினது. ஒரு கையில பை, ஒரு கையில அவள். அவளை இறுக்கிப் பிடிக்கிறதுக்காகப் பையை விட்டனான். பையிலதான் படமெல்லாம். பிறகு அவளையும் காணேல்ல.” அப்போது கயலினிக்குப் பன்னிரண்டு. கொட்டகையில் மற்றத் தாய்மார் காணாமற்போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்து இருக்கிறார்கள். மங்களேஸ்வரி ஒரு வெள்ளை மட்டையில் பெயரை எழுதி வைத்திருக்கிறாளாம், அதுவும் வேறொருவர் எழுதிக் கொடுத்தது. “அவளின்ர கையால எழுதின பேர் எண்டாக் காணும் ரீச்சர். அதைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன்.” பிடித்துக்கொண்டு இருப்பாள். நாள் முழுக்க, பஸ்களுக்கும் லொறிகளுக்கும் முன்னால், கயலினி என்ற பெயருக்கு மேலே வண்டுக்கு ஆறு கால் என்ற என் எழுத்தை. வன்னிச் சனம் வாசிக்கும். வாசித்துவிட்டு நிரோஜா மாதிரி மூக்கால் சிரிக்கும். சிரிக்காதவர்கள் நினைப்பது இன்னும் மோசமாக இருக்கும்.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. மங்களேஸ்வரி எப்போதும் எட்டத்தில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் கதைப்பாள், அறை முழுக்கக் கேட்டது. “ரீச்சர், வந்திட்டியளோ?” “ரவுணிலதான் நிக்கிறன்.” “அவசரமில்லை, நான் இஞ்சதான் இருப்பன். ஒண்டு கேக்கவேணும் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். எந்தப் படம் ரீச்சர்? செம்பரத்தம்பூவில வண்டு இருக்கிறதோ?” “ஏன்?” “அது எண்டா நான் கீறினது.” அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. “குசினி வாசலில இருந்து நான்தான் கீறிக் குடுத்தனான். அவள் நிறம் மட்டும் தீட்டினவள். நீங்கள் எட்டுப் போட்டனீங்கள். அவளின்ர அப்பாவுக்குச் சொல்லி நான் பெருமைப்பட்டது எனக்குத்தான் தெரியும்.” பிறகு சிரிப்பு இல்லாமல், “அது எண்டாலும் பரவாயில்லை ரீச்சர். அவளின்ர கை பட்டதுதானே. ஆனா அவளே கீறினது எண்டா,” என்று நிறுத்தினாள். நான் திரையைப் பார்த்தேன். வண்டின் அடிவயிற்றுக்குக் கீழே எழுத்து பாதி போயிருந்தது, அந்த இடத்தில் நிரோஜாவின் வெளிர் வானம். முதல் படத்தைத் திருத்தச் சொன்னேன், தாய் கீறிக் கொடுத்தாள். இப்போது மூன்றாவதை நிரோஜா கீறுகிறாள். அந்தப் பிள்ளை கீறியது ஒன்றே ஒன்றுதான், அதன்மேல் நாங்கள் எல்லோரும் ஏறி நிற்கிறோம். “மற்றது, மங்களேஸ்வரி,” என்றேன். “வீட்டுக்கு மேல நிக்கிற வண்டு.” வீதியில் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. அதே சத்தம் தொலைபேசிக்குள்ளாலும் வந்தது. “அது இருக்கோ ரீச்சர்?” “இருக்கு.” அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நிரோஜாவின் கை நின்றிருந்தது. “ரீச்சரோ நீங்கள்?” “ஓம்.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நான் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். “விடுங்கோ பிள்ளை. அது நான் எழுதினது.” காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து சேமிக்கவா என்று கேட்டது, இல்லை என்பதில் அழுத்தினாள், நிரோஜாவின் வானம் போய்விட்டது. “அப்ப என்ன செய்ய?” “அந்தக் கடதாசியையே லமினேட் பண்ணித் தாங்கோ.” மூடியைத் திறந்து எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப்போனவள், நின்றாள். “உள்ள போனா பிறகு ஒண்டும் எழுதேலாது ரீச்சர்.” ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. பேனை கேட்டேன், ஒரு நீலப் பேனை தந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற இடத்தில் ஒரு விதி உண்டு. போட்ட புள்ளியை மாற்றினால் பழையது தெரியும்படி ஒற்றைக் கோட்டால் வெட்டி, புதியதை எழுதி, பக்கத்தில் பெயர்ச் சுருக்கம் போடவேண்டும், மாற்றியது யாரென்று தெரிவதற்காக. நான்கின்மேல் பேனையை வைத்தேன். வெட்டிவிட்டு என்ன போடுவது. பத்தா. பத்துப் போட நான் யார். பார்த்ததைப் பார்த்தபடி கீறிய பிள்ளைக்கு, பார்க்காத ஒருத்தி, இத்தனை வருடத்துக்குப் பிறகு, பத்து. வெட்டவில்லை. சிவப்பு வரிகளுக்குக் கீழே வே. ச. என்று எழுதினேன். வேலுப்பிள்ளை சற்குணவதி. ‘ச’ கோணலாகப் போனது. “முடிஞ்சுதோ?” “முடிஞ்சுது.” இயந்திரம் கடதாசியை மெதுவாக உள்ளே இழுத்தது.

கொட்டகை ஐந்து நிமிட நடை. பிளாஸ்டிக் இன்னும் சூடாக இருந்தது, மார்போடு அணைத்துக்கொண்டு போனேன், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி. ஏழெட்டுப் பெண்கள் பாயில் இருந்தார்கள். தேத்தண்ணி குடித்த பெண்ணை உடனே தெரிந்தது. அவளுக்கும் என்னைத் தெரிந்தது. “நீங்களோ,” என்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். முதலில் மூலையைத் தேடினாள். ப. கயலினி என்ற இடத்தைப் பிளாஸ்டிக்குக்கு மேலால் விரலால் தடவினாள், ஒருமுறை, பிறகு எழுத்து எழுத்தாக. பிறகு விரல் மேலே ஏறிச் சிவப்புக்கு வந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். “அது நான் எழுதினது. எனக்கு அப்ப வண்டெண்டா என்னெண்டு தெரியாது. பிறகு தெரிஞ்சது. தெரிஞ்ச பிறகும் நான் அவளிட்டச் சொல்லேல்ல, அவள் கீறினது சரியெண்டு.” குரல் பள்ளிக்கூடக் குரலாக வந்தது, பக்கத்துப் பெண்களும் திரும்பினார்கள். மங்களேஸ்வரி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும் ரீச்சர். அவள் அண்டைக்கே வந்து சொன்னவள்.” “என்ன சொன்னவள்?” “ரீச்சருக்கு வண்டு தெரியாதாம் அம்மா, ஊரை விட்டுத் தனிய வந்து நிக்கிறா, சொன்னாப் பயந்துபோவா எண்டு. கால் வைச்ச வண்டு ஒண்டு கீறித் தாங்கோ, அதைக் குடுப்பம் எண்டு.” அவள் பாயில் சற்று அரக்கி இடம் விட்டாள். நான் இருந்தேன். அவள் படத்தை மடியில் நிறுத்தி வீதியைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தாள். எங்கள் இருவருக்கும் இப்போது கடதாசியின் வெறும் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வீதியால் வந்த பஸ் ஒன்று மெதுவாகியது. ஜன்னலோரம் இருந்த ஒருவர் எங்கள் பக்கம் திரும்பி, உதடு அசைய, வாசிக்கத் தொடங்கினார். நான் எழும்பவில்லை.